சம்பளம் ஒரு சட்டத்தில், வேலை இன்னொரு சட்டத்தில்

கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறவர்களின் சம்பளச் சீட்டில் ‘எஸ்.டி.ஐ.’ (மாநில டிஸெபிலிட்டி காப்பீடு) என்று ஒரு பிடித்தம் இருக்கும். 2025-இல் அது சம்பளத்தில் 1.2 சதவீதம். வருடத்துக்கு 1,80,000 டாலர் வாங்குகிறவருக்கு 2,160 டாலர். 2023 வரை இதற்கு உச்சவரம்பு இருந்தது. 1,53,164 டாலரைத் தாண்டிய சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். 2024 ஜனவரியில் வரம்பை எடுத்துவிட்டார்கள். கம்பெனிப் பங்கு கைக்கு வரும் மாதத்தில் அந்தத் தொகையிலும் பிடித்தம் விழும். பிடிப்பதைப் பார்த்து முணுமுணுக்கிறவர்கள், அதே பணத்தைத் திரும்ப வாங்கும் வாசல் எது என்பதையும் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

நிதி ஒன்று, வாசல் இரண்டு. உடம்பு முடியாமல் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கான டிஸெபிலிட்டி காப்பீடு 1946-இலிருந்து இருக்கிறது. பிரசவமும் அதற்குள்தான் வரும். இரண்டாவது வாசல் பெய்ட் ஃபேமிலி லீவ், சுருக்கமாக பி.எஃப்.எல். பிறந்த குழந்தையோடு இருக்க, தத்தெடுத்த குழந்தையோடு இருக்க, கடுமையான நோயில் கிடக்கும் குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்ள. கவர்னர் கிரே டேவிஸ் 2002-இல் கையெழுத்திட்டார், 2004 ஜூலை 1-இலிருந்து பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க மாநிலங்களில் இதுதான் முதல். அன்றைக்கு 6 வாரம், சம்பளத்தில் 55 சதவீதம். இன்றைக்கு 8 வாரம். 2025 ஜனவரியிலிருந்து 70 முதல் 90 சதவீதம் வரை, குறைந்த சம்பளக்காரருக்கு அதிக விகிதம். 2025-இல் வாரத்துக்கு அதிகபட்சம் 1,681 டாலர்.

பி.எஃப்.எல். என்ற பெயரில் ‘லீவ்’ இருக்கிறது. சட்டத்துக்குள் லீவ் இல்லை. அது பணம் கொடுக்கும் சட்டம், அவ்வளவுதான். நீங்கள் வீட்டில் இருக்கும் வாரங்களுக்கு மாநிலத்தின் இ.டி.டி. அலுவலகம் பணம் அனுப்பும். திரும்பிப் போகும்போது நாற்காலி இருக்குமா என்பது அதற்குச் சம்பந்தமில்லாத கேள்வி. நாற்காலியைக் காப்பது வேறு சட்டங்கள்: மத்திய அரசின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டமான எஃப்.எம்.எல்.ஏ., கலிஃபோர்னியாவின் குடும்ப உரிமைச் சட்டமான சி.எஃப்.ஆர்.ஏ., பிரசவத்துக்கென்றே இருக்கும் விடுப்பான பி.டி.எல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசற்படி, தனித்தனி உயரம்.

1993-இன் எஃப்.எம்.எல்.ஏ. 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு தரும். அதற்கு 75 மைல் சுற்றளவில் கம்பெனிக்கு 50 பேர் இருக்க வேண்டும். நீங்கள் அங்கே 12 மாதம் முடித்து, கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். சி.எஃப்.ஆர்.ஏ.வும் அதே 12 மாதம், 1,250 மணி நேரம்தான் கேட்கும். ஆனால் கம்பெனியில் 5 பேர் இருந்தால் போதும். பி.டி.எல். இன்னும் இளகிய மனசு. 5 பேர் உள்ள கம்பெனி என்றால், நேற்றுச் சேர்ந்தவருக்கும் கர்ப்பம், பிரசவம் சார்ந்த உடல்நிலைக்காக 4 மாதம் வரை உண்டு.

ஏழு மாதத்துக்கு முன் புதுக் கம்பெனியில் சேர்ந்த ஓர் அப்பாவை எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறக்கிறது. முந்தைய வேலையும் கலிஃபோர்னியாவில்தான் என்பதால் இ.டி.டி. கணக்கில் அவருக்கு 8 வாரப் பணம் முழுசாக இருக்கிறது. ஆனால் 12 மாதம் ஆகவில்லை, சி.எஃப்.ஆர்.ஏ. பாதுகாப்புக் கிடையாது. மேனேஜர் ‘இப்போது முடியாது’ என்றால் சட்டப்படி தடுக்க வழியில்லை. இவருக்கு இருக்கும் நல்ல வழி காத்திருப்பதுதான். குழந்தை பிறந்த ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இந்த 8 வாரத்தை எடுக்கலாம். ஐந்து மாதம் பொறுத்து, 12 மாதம் முடிந்த மறுநாள் ஆரம்பித்தால் பணமும் வரும், நாற்காலியும் இருக்கும். அம்மா வேலைக்குத் திரும்பும் நேரமும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும்.

அம்மாவின் கணக்கைத் தேதி போட்டுப் பார்த்தால்தான் புரியும். டாக்டர் சொன்ன தேதி 2025 ஜூன் 1, அன்றைக்கே சுகப்பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கர்ப்பத்துக்குத் தேதிக்கு 4 வாரம் முன்னாலிருந்து டிஸெபிலிட்டி எடுக்கலாம்: மே 4. முதல் 7 நாள் காத்திருப்பு, அதற்குப் பணம் இல்லை. பிரசவத்துக்குப் பின் 6 வாரம், ஜூலை 12 வரை. சிசேரியன் என்றால் 8 வாரம். ஜூலை 13-இலிருந்து பி.எஃப்.எல். 8 வாரம், செப்டம்பர் 6 வரை. இதற்கு மறுபடி காத்திருப்பு வாரம் கிடையாது. அதை 2018-இல் எடுத்துவிட்டார்கள். ஆக 18 வாரத்தில் 17 வாரத்துக்குப் பணம். விடுப்புப் பக்கம் பார்த்தால் மே 4 முதல் ஜூலை 12 வரை பி.டி.எல்.; ஜூலை 13 முதல் 12 வாரம் சி.எஃப்.ஆர்.ஏ., அக்டோபர் 4 வரை. அதாவது செப்டம்பர் 7-இலிருந்து அக்டோபர் 4 வரை வேலை பத்திரம், பணம் வராது. இந்த நான்கு வாரத்துக்குத்தான் சேமித்து வைத்த வெக்கேஷன் நாட்களைத் தொட வேண்டும். முன்பெல்லாம் பி.எஃப்.எல். வாங்குவதற்கு முன் இரண்டு வார வெக்கேஷனைக் கரைக்கச் சொல்லும் உரிமை கம்பெனிக்கு இருந்தது. 2025 ஜனவரி 1-இலிருந்து அது இல்லை. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு எச்.ஆர். இன்னும் அப்படிச் சொன்னால், சட்டம் மாறிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

எவ்வளவு வரும் என்பது இன்றைய சம்பளத்தை வைத்து அல்ல. ‘பேஸ் பீரியட்’ என்று ஒரு 12 மாதம் உண்டு. க்ளெய்ம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தொடங்கினால், போன செப்டம்பர் 30-இல் முடிந்த 12 மாதம். ஏப்ரல்–ஜூன் என்றால் டிசம்பர் 31-இல் முடிந்தது. ஜூலை–செப்டம்பர் என்றால் மார்ச் 31, அக்டோபர்–டிசம்பர் என்றால் ஜூன் 30. அந்த 12 மாதத்தில் எந்தக் காலாண்டில் அதிகம் சம்பாதித்தீர்களோ அதை 13-ஆல் வகுத்தால் வாரச் சம்பளம். 26,000 டாலர் வந்த காலாண்டு என்றால் வாரம் 2,000; அதில் 70 சதவீதம், 1,400 டாலர்.

இந்தக் கணக்குத் தெரியாமல் முழுப் பணத்தையும் விடுகிறவர்கள் உண்டு. அக்டோபரில் எச்1பி-யில் வந்து இறங்கி வேலையில் சேர்ந்தவருக்கு பிப்ரவரியில் குழந்தை. உடனே க்ளெய்ம் போட்டால் பார்க்கப்படுவது அவர் இந்தியாவில் இருந்த 12 மாதம். கலிஃபோர்னியாச் சம்பளம் பூஜ்யம், பதிலும் பூஜ்யம். தகுதி பெறத் தேவையானது பேஸ் பீரியடில் வெறும் 300 டாலர்தான். அதே மனிதர் ஏப்ரலில் தொடங்கினால் அக்டோபர்–டிசம்பர் சம்பளம் கணக்குக்குள் வந்துவிடும், வாரத் தொகையும் அதை வைத்தே அமையும். நியூ ஜெர்சியிலிருந்து மாறி வந்தவருக்கும் இதே கதை. அங்கே கட்டிய பணம் இங்கே செல்லாது. மார்ச்சில் போனஸ் வரும் கம்பெனியா? ஜூலைக்குப் பிறகு தொடங்கும் க்ளெய்மில் அந்தக் காலாண்டு சேரும். அப்பாக்களுக்கு இந்தச் சௌகரியம் முழுசாக உண்டு. பெற்றவளுக்கு அப்படி இல்லை. டிஸெபிலிட்டி தொடங்கிய தேதிதான் அவளுடைய பேஸ் பீரியடை முடிவு செய்யும், பி.எஃப்.எல்.லும் அதே தொகையில்தான் தொடரும்.

குடியுரிமையோ விசாவோ தகுதியைத் தொடாது. இது கட்டினவருக்கு வரும் காப்பீடு, உதவித்தொகை அல்ல. எச்1பி-யில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: அந்த வாரங்களுக்குக் கம்பெனியின் சம்பளச் சீட்டு இருக்காது. கொஞ்ச நாளில் வேறு கம்பெனிக்கு மாறினால் சமீபத்திய சீட்டுகளைக் கேட்பார்கள். விடுப்பை அனுமதித்த கம்பெனிக் கடிதம், இ.டி.டி. பணம் கொடுத்த விவரம் இரண்டையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

விண்ணப்பத்தில் எங்கே சறுக்கும் என்று பார்ப்போம். பி.எஃப்.எல்.லுக்கான படிவம் டி.இ. 2501 எஃப். விடுப்பின் முதல் நாளுக்கு முன் போடக்கூடாது. அந்த முதல் நாளிலிருந்து 41 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். டிஸெபிலிட்டிக்கு 49 நாள். குழந்தை பெற்ற அம்மா புதிதாக 2501 எஃப் நிரப்ப வேண்டியதில்லை. டிஸெபிலிட்டியின் கடைசிப் பணம் வந்ததும் டி.இ. 2501 எஃப்.பி. என்ற சிறு படிவம் தானாக வரும். அதற்குக் காத்திராமல் அவசரப்பட்டு இன்னொரு க்ளெய்ம் போட்டால் இரண்டு க்ளெய்ம்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பெயர்ச் சிக்கல் நம்மவர்களுக்கென்றே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயர், சம்பளப் பதிவில் அது வெறும் இனிஷியல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது வடிவம். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். இல்லாவிட்டால் அடையாளத்தை நிரூபிக்கச் சொல்லித் தபால் வரும், வாரங்கள் ஓடும்.

8 வாரத்தையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டுமென்பதில்லை. பிறந்ததும் இரண்டு வாரம், பிறகு ஆறு வாரம் என்று பிரிக்கலாம். பணத்துக்கு இ.டி.டி. மறுப்புச் சொல்லாது, வேலைப் பக்கம் ஒரு முடிச்சு இருக்கிறது. குழந்தைக்கான சி.எஃப்.ஆர்.ஏ. விடுப்பு ஒவ்வொரு தடவையும் குறைந்தது இரண்டு வாரமாக இருக்க வேண்டும் என்று கம்பெனி கேட்கலாம். அதைவிடக் குறைவாகக் கேட்டால், இரண்டு முறை மட்டும் கம்பெனி விட்டுக்கொடுத்தாக வேண்டும். வாரா வாரம் வெள்ளிக்கிழமை மட்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் மேனேஜரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும்.

பெரிய டெக் கம்பெனிகளில் இன்னொரு பள்ளம். கம்பெனியே முழுச் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது, இவரும் இ.டி.டி.யில் க்ளெய்ம் போடுகிறார். இரண்டும் சேர்ந்து வழக்கமான சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பி.எஃப்.எல். போக மீதியை மட்டும் கம்பெனி நிரப்பினால் சிக்கலில்லை. முழுச் சம்பளமும் வந்து, அதை இ.டி.டி. படிவத்தில் சொல்லாமல் விட்டால், மாதங்கள் கழித்து அதிகப்படி கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும். உங்கள் கம்பெனி எந்த முறை என்பதை விடுப்புக்கு முன்பே எச்.ஆர்.-இடம் எழுத்தில் கேளுங்கள்.

வரியைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். பி.எஃப்.எல். பணத்துக்கு மத்திய வருமான வரி உண்டு, கலிஃபோர்னியா வரி இல்லை. பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுசாகக் கையில் வரும். அடுத்த ஜனவரியில் 1099-ஜி படிவம் வரும்போதுதான் பலருக்கு உறைக்கும்.

மற்ற மாநிலங்களுக்குப் போனால் இதே இரட்டைச் சட்டக் கேள்விக்கு வெவ்வேறு பதில்கள். நியூ ஜெர்சி 2009 ஜூலையில் தொடங்கியது. 2020 ஜூலையிலிருந்து 12 வாரம், சம்பளத்தில் 85 சதவீதம், 2025-இல் உச்சம் 1,081 டாலர். விகிதம் தாராளம், உச்சவரம்பு சின்னது. அங்கே எடிசன் நகரில் ஐ.டி. சம்பளம் வாங்குகிறவர் 85-ஐ நம்பி வீட்டுக் கடனைக் கணக்குப் போட்டால் இடிக்கும். அங்கேயும் பணச் சட்டம் தனி, வேலைச் சட்டம் தனி. ஒரு வசதி உண்டு: நியூ ஜெர்சியின் குடும்ப விடுப்புச் சட்டம் தாயின் சொந்த உடல்நிலையைத் தொடுவதில்லை. அதனால் பிரசவ ஓய்வுக்கு எஃப்.எம்.எல்.ஏ.வைச் செலவழித்துவிட்டு, குழந்தைக்கென்று மாநிலச் சட்டத்தின் 12 வாரத்தை அதன் மேல் புதிதாக எடுக்கலாம்.

நியூயார்க்தான் இந்த விஷயத்தில் நேர்மையான சட்டம் என்பது என் கருத்து. 2018-இல் தொடங்கிய அங்கேயுள்ள பி.எஃப்.எல். பணத்தையும் வேலைப் பாதுகாப்பையும் ஒரே சட்டத்தில் கட்டியிருக்கிறது. வாரம் 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவருக்கு 26 வாரம் முடிந்தால் போதும். சின்னக் கடையில் வேலை பார்த்தாலும் பழைய இடமோ அதற்கு இணையான இடமோ உண்டு. 12 வாரம், 67 சதவீதம். மாநில அலுவலகம் பணம் கொடுப்பதில்லை. கம்பெனி வாங்கியிருக்கும் தனியார் பாலிசிதான் கொடுக்கும். பி.எஃப்.எல்.-1 படிவத்தில் தன் பகுதியைக் கம்பெனி 3 வேலை நாளில் நிரப்பித் தர வேண்டும். முழு விண்ணப்பம் போன 18 நாளில் காப்பீட்டுக்காரர் பணமோ மறுப்போ சொல்ல வேண்டும். அதே நியூயார்க்கில் பிரசவ ஓய்வுக்கான டிஸெபிலிட்டி பணம் வாரத்துக்கு அதிகபட்சம் 170 டாலர். எழுத்துப் பிழை இல்லை, நூற்று எழுபதேதான். குழந்தையோடு இருக்க ஆயிரத்துச் சொச்சம், குழந்தை பெற்ற உடம்பு தேற நூற்று எழுபது. எந்தப் பாட்டி கேட்டாலும் தலையில் அடித்துக்கொள்வாள்.

வாஷிங்டன் மாநிலத்தின் கதை சட்டம் செய்கிறவர்களுக்கு ஒரு பாடம். 2007-இலேயே அங்கே சட்டம் நிறைவேறிவிட்டது. பணம் எங்கிருந்து வரும் என்று எழுதவில்லை. ஒரு டாலர்கூடக் கொடுக்காமல் அது கிடந்தது. 2017-இல் புதிதாகச் சட்டம் செய்து, 2019 ஜனவரியில் பிரீமியம் பிடிக்கத் தொடங்கி, 2020 ஜனவரியில் பணம் கொடுத்தார்கள். முதலில் ஒரு வருடம் சேர்த்து, பிறகு கொடுப்பது. பிறகு வந்த மாநிலங்களில் பலவும் இந்த வரிசையில்தான் போயின. அங்கே தகுதி மணிக்கணக்கில்: 820 மணி நேரம். சியாட்டில்காரர்கள் அடிக்கடி தவறவிடுவது வாராந்திர க்ளெய்ம். விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்தால் பணம் வராது. ஒவ்வொரு வாரமும் உள்ளே போய் அந்த வாரத்தைப் பதிய வேண்டும். வேலைப் பாதுகாப்பு முன்பு 50 பேர் உள்ள கம்பெனிக்கு மட்டும் இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து 25 பேர், அதுவும் 180 நாள் வேலை செய்திருந்தால் போதும். 2027-இல் 15, 2028-இல் 8 என்று இறங்கும்.

கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, ரோட் ஐலண்ட், நியூயார்க் இந்த நான்கும் முதலில் ஓடியதற்குக் காரணம் கொள்கையைவிடக் குழாய். ரோட் ஐலண்டில் 1942-இலேயே டிஸெபிலிட்டி காப்பீடு இருந்தது. மற்ற மூன்றிலும் 1949-க்குள் வந்துவிட்டது. இருந்த குழாயில் இன்னொரு திறப்பு வைத்தால் முடிந்தது. மற்ற மாநிலங்கள் அலுவலகம், மென்பொருள், பிரீமியம் வசூல் எல்லாவற்றையும் தரையிலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. கொலராடோ 2020-இல் மக்கள் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றி, 2024-இல் கொடுக்கத் தொடங்கியது. மின்னசோட்டாவும் டெலவேரும் 2026 ஜனவரி 1-இல் வந்தன. மேரிலாண்ட் 2022-இல் சட்டம் செய்தும் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, இப்போது 2028 ஜனவரி என்கிறது. டெக்சஸில் கட்டாயத் திட்டமே இல்லை. அதே டெக்சஸின் பிரிஸ்கோ நகரில் வீட்டிலிருந்து கலிஃபோர்னியாக் கம்பெனிக்கு வேலை செய்கிறவருக்குக் கணக்கு அவர் உட்கார்ந்து வேலை செய்யும் மாநிலம்தான். சம்பளச் சீட்டில் எஸ்.டி.ஐ. வரி இல்லையென்றால் பணமும் இல்லை.

இந்தியச் சட்டத்தோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 2017 திருத்தத்துக்குப் பின் 26 வாரம் முழுச் சம்பளம்; இ.எஸ்.ஐ. வட்டத்துக்கு வெளியே அதைக் கொடுக்க வேண்டியது முதலாளி. அப்பாவுக்கு அதில் எதுவும் இல்லை. கல்யாண வயதுப் பெண்ணை வேலைக்கு எடுக்க யோசிக்கும் சின்ன முதலாளியின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்க மாநிலங்களின் வாரங்கள் குறைவு, ஆனால் செலவு பொது நிதியில் விழுகிறது, ஆணும் எடுக்கலாம்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்காகவும் பி.எஃப்.எல். எடுக்கலாம் என்பது பலர் எதிர்பார்க்காதது. மதுரையில் மாமனாருக்கு இருதய அறுவை சிகிச்சை என்றால் கலிஃபோர்னியா மருமகனோ மருமகளோ க்ளெய்ம் போடலாம்; 2014 ஜூலையிலிருந்து மாமனார் மாமியார், தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். மத்திய எஃப்.எம்.எல்.ஏ.வில் மாமனாருக்கு இடமில்லை; சி.எஃப்.ஆர்.ஏ.வில் உண்டு. தடுமாற்றம் படிவத்தில். அமெரிக்க டாக்டர்கள் தம் பகுதியை ஆன்லைனில் முடித்துவிடுவார்கள். மதுரை டாக்டருக்கு அது சரிப்படாது, காகிதப் படிவம்தான். டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்தால் போதாது. நோயின் குறியீட்டு எண், எந்தத் தேதியிலிருந்து எதுவரை பராமரிப்புத் தேவை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், டாக்டரின் பதிவு எண், கையெழுத்து எல்லாம் அந்தப் படிவத்திலேயே இருக்க வேண்டும். நோயாளியின் கையெழுத்துக்கும் தனிப் பகுதி உண்டு. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே வாங்கிவிடுங்கள், மறுநாள் ஐ.சி.யு. வாசலில் நின்று கேட்க முடியாது. வெற்றுப் படிவம் இரண்டை அச்சடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவது உத்தமம். 41 நாள் கெடு, தபால் போகும் நாட்களையும் சேர்த்துத்தான்.

நோயாளி இறந்துவிட்டால் பி.எஃப்.எல். அன்றோடு நின்றுவிடும்; அது பராமரிப்புக்கான பணம், துக்கத்துக்கானது அல்ல. அதற்கென்று 2023-இலிருந்து கலிஃபோர்னியாவில் தனிச் சட்டம்: 5 பேர் உள்ள கம்பெனியில் 30 நாள் வேலை செய்தவருக்கு 5 நாள் விடுப்பு. சம்பளம் தரக் கட்டாயமில்லை, சேர்த்து வைத்த விடுப்பு நாட்களை அதற்குப் பயன்படுத்தலாம். ஐந்தும் அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டியதில்லை, மூன்று மாதத்துக்குள் முடித்தால் போதும். மூன்று நாளை முதலில் எடுத்து, இரண்டைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.